டிரிப்ட்வுட் மேல் படர்வது எது? தொட்டுப் பார்த்துவிட்டு மருந்தை எடுங்கள்

அலங்காரத்துக்கு வைக்கும் காய்ந்த மரக்கட்டையான டிரிப்ட்வுட்டைப் புதிதாக மீன்தொட்டியில் இறக்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கிளை நுனிகளில் வெள்ளையாக ஏதோ படரத் தொடங்கும். ஒரு வாரத்தில் கட்டை முழுக்கப் பஞ்சு சுற்றியதுபோல் ஆகிவிடும். உடனே ஒரு பாட்டில் பாசிக்கொல்லி வாங்கி ஊற்றிவிடத் தோன்றும். அந்த அவசரம்தான் பல தொட்டிகளைக் கெடுத்திருக்கிறது. கட்டைமேல் வளரக்கூடியவை ஆறேழு வகை உண்டு. சில தானே போய்விடும், சிலவற்றைக் கையால் எடுத்தால் போதும், ஒன்றிரண்டுக்குத்தான் மருந்து தேவை. எது என்று தெரியாமல் மருந்து ஊற்றினால் இறாலும் நத்தையும் போகும், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போகும். கட்டைமேல் இருந்தது மட்டும் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

ஆகவே முதல் வேலை அடையாளம் காண்பது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். சோப்பு போடாமல் கையைக் கழுவிக்கொண்டு, ஹீட்டரையும் ஃபில்டரையும் அணைத்துவிட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள்.

வெள்ளையாகவோ கண்ணாடிபோலவோ வழவழவென்று இருந்து, ஒரே தேய்ப்பில் கூழாகக் கையோடு வந்தால் அது பாக்டீரியாவும் நீர்ப்பூஞ்சையும் கலந்த சவ்வு. பழுப்பு நிறப் பொடியாக உதிர்ந்து தண்ணீரில் புகைபோல் கலைந்தால் டயாட்டம் என்னும் நுண்பாசி. கரும்பச்சை அல்லது நீலப்பச்சை நிறத்தில் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாகக் கழன்று, கையை மோந்தால் முற்றல் மண்வாடை வந்தால் சயனோபாக்டீரியா. கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் உயரக் குஞ்சங்களாக நின்று, நகத்தால் இழுத்தாலும் வராமல் அடம் பிடித்தால் கருந்தாடிப் பாசி. தொட்டி வைத்திருப்பவர்கள் பிபிஏ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சந்தேகம் இருந்தால் ஒரு குஞ்சத்தைப் பிய்த்து, காயம் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். சிவப்புப் பாசி இனமாக இருந்தால் பச்சை கரைந்து போய்ச் செம்மை வெளியே தெரியும்.

இரண்டு போலிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எள்போல, நீள்வட்டமாக, கெட்டியான வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை நெரைட் நத்தையின் முட்டைகள். நன்னீரில் அவை பொரித்து வளராது. பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் சுரண்டி எடுக்கலாம், விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. அனுபியாஸையோ ஜாவா ஃபெர்னையோ சூப்பர் குளூ போட்டு ஒட்டிய இடத்தில் வெள்ளையாகக் கெட்டியாக ஒரு திட்டு தெரிந்தால் அது பசை. தண்ணீர் பட்டால் அந்தப் பசை வெளுத்துத்தான் இறுகும். இதைப் பூஞ்சை என்று நினைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு அடிப்பவர்கள் நிறைய. பாதிப்பு அருகிலிருக்கும் செடிக்குத்தான்.

வெள்ளைச் சவ்வு

இதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இருப்பதிலேயே கெடுதல் குறைந்ததும் இதுதான். மரம் காய்ந்த பிறகும் அதற்குள் சர்க்கரை, மாவுப்பொருள், பிசின் எல்லாம் மிச்சம் இருக்கும். தண்ணீரில் ஊறும்போது அவை மெல்ல வெளியே கசிகின்றன. தண்ணீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் அந்தத் தீனியைக் கண்டதும் பெருகுகின்றன. எளிதில் கரையும் சர்க்கரை தீர்ந்ததும் சவ்வும் தேய்ந்து மறைந்துவிடும். மிஞ்சுவது செல்லுலோசும் லிக்னினும். அவற்றை உடைக்க நுண்ணுயிர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும், அதனால் அந்த வேகத்தில் சவ்வு மறுபடி வராது.

சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு வாரம். ஸ்பைடர் வுட் என்று விற்கும் மெல்லிய கிளைவேர்க் கட்டைகளில் இது அடர்த்தியாக வரும், ஆறு வாரம்கூட நீடிக்கும். மொபானி கட்டை கனமானது, உடனே மூழ்கிவிடும். ஆனால் அதன் குழிகளில் பிசின் தங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சளிபோலத் திரளும். மலேசியக் கட்டையில் சவ்வு குறைவு, தண்ணீருக்குப் பழுப்பு நிறம் தரும் டானின் அதிகம். தண்ணீர் தேநீர் நிறமாகிறதே என்பது வேறு விஷயம், அதைச் சவ்வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டரில் வைத்தால் போதும்.

மீனுக்கு இந்தச் சவ்வால் நேரடியாக ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அத்தனை நுண்ணுயிரும் ஆக்சிஜனை இழுக்கின்றன. சின்னத் தொட்டி, பெரிய கட்டை, மேற்பரப்பில் அசைவே இல்லை என்ற நிலையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்தால் அன்றே காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போடுங்கள், அல்லது ஃபில்டர் வாயைத் தண்ணீர்ப் பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். சவ்வு இருக்கும் வரை இரவில் காற்று ஓடட்டும்.

எடுக்க வேண்டும் என்றால் உள்ளேயே தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த கூழ் தண்ணீர் முழுக்கப் பரவி ஃபில்டர் ஸ்பாஞ்சை அடைத்துவிடும். பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து, அதன் தலைக்குப் பின்னால், தண்ணீரை உறிஞ்சி வாளிக்கு இறக்கும் சைஃபன் குழாயின் வாயை இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். குழாயின் வாய் பிரஷ் நாருக்கு அரை சென்டிமீட்டர் பின்னே நிற்க வேண்டும். முன்னே நீட்டினால் நார் கட்டையைத் தொடாது, ரொம்பப் பின்னே போனால் கூழ் நழுவிவிடும். ஏர்லைன் குழாய் இந்த வேலைக்கு ஒல்லி, இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். உள்விட்டம் 9 முதல் 12 மில்லிமீட்டர் வரை உள்ள குழாய் சரியாக இருக்கும். தண்ணீர் இறங்க இறங்க, கிளையின் மேல்நுனியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கித் தேய்த்துக்கொண்டே வாருங்கள். தேய்த்தது தேய்த்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டு வாளிக்குப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 சதவீதத் தண்ணீர் மாற்றத்தோடு இதைச் செய்தால் போதும். அடுத்த நாளே கொஞ்சம் வளர்ந்து நிற்கும். அதைப் பார்த்து மனம் தளராதீர்கள், ஒவ்வொரு முறையும் முன்பைவிட மெலிந்துதான் வரும்.

பழைய கட்டையில் திடீரென்று வெள்ளை வந்தால் மட்டும் பொறுமை காக்கக் கூடாது. அங்கே புதிதாகத் தீனி சேர்ந்திருக்கிறது என்று பொருள். கட்டையின் பொந்தில் செத்த மீனோ நத்தையோ மாத்திரைத் தீனியோ சிக்கியிருக்கலாம். கட்டை ஒடிந்து உள்மரம் வெளியே தெரிந்தாலும், நீங்களே ரம்பத்தால் அறுத்திருந்தாலும், அந்த வெட்டுமுகத்தில் மட்டும் ஒரு சுற்று சவ்வு வரும். இரண்டும் இல்லையென்றால் கட்டை உள்ளே அழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டிக்குள் போகும் முன்

இன்னும் கட்டையை இறக்காதவர்களுக்கு வேலை சுலபம். முதலில் பட்டை இருந்தால் முழுக்க உரித்தெடுங்கள். சர்க்கரை அதிகம் இருப்பது பட்டையிலும் அதற்கு உடனடி அடியில் இருக்கும் மென்மையான அடுக்கிலும்தான். நகத்தால் கீறினால் பச்சையாகவோ ஈரமாகவோ இருந்தால் அது இன்னும் காயாத மரம், எத்தனை வேகவைத்தாலும் சரிவராது. பைன் போன்ற பிசின் மரங்களும் வேண்டாம்.

பிறகு கம்பிப் பிரஷ்ஷால் பொந்துகளைக் குடைந்து மண்ணையும் தூளையும் வெளியேற்றிவிட்டு வேகவையுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரமாக இருக்கட்டும். கட்டை மூழ்கும் அளவு தண்ணீர், கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு மணி நேரம். தடிமனான கட்டைக்கு மூன்றாவது முறையும் தேவைப்படலாம். அடுப்பை அணைத்ததும் கட்டையை வெளியே எடுக்காதீர்கள், அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். ஆறும்போது மரத்துக்குள் இருக்கும் சூடான காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். மிதக்கும் கட்டை சீக்கிரம் மூழ்க இது பெரிய உதவி.

ஐந்தாறு மணி நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவுக்கு மீறிக் கொதித்த மரத்தின் மேலடுக்கு நைந்துபோகும், அந்த நைந்த அடுக்குதான் பின்னால் பாசிக்கும் அழுகலுக்கும் இடம் கொடுக்கும். ஓவனிலோ மைக்ரோவேவிலோ கட்டையை வைப்பது இன்னும் மோசம். உள்ளே கருகி நெருப்புப் பிடிக்கும் அபாயம் உண்டு.

பாத்திரத்தில் அடங்காத கட்டை என்றால் பெரிய டப்பில் வைத்துக் கொதிநீர் ஊற்றி மூடிவிட்டு, பிறகு இரண்டு வாரம் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தால் ஊற ஆரம்பிக்கும்போதும் 24 மணி நேரம் கழித்தும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நாளுக்கு நாள் சுருங்கி ஏறக்குறைய நின்றுவிட்டால் கசிவு அடங்கிவிட்டது. சவ்வு டப்பிலேயே வந்து போய்விட்டால் இன்னும் நல்லது, தொட்டியில் அந்தத் தொல்லை இருக்காது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையாக இருந்தால் இந்த அளவீடு கட்டாயம். உப்பு முழுக்க இறங்கும்வரை அது நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது.

வேகவைத்த கட்டையிலும் சவ்வு வரத்தான் செய்யும். வேகவைப்பதால் மேலே இருக்கும் வித்துகள் சாகின்றன, வெளியடுக்குச் சர்க்கரை குறைகிறது, அவ்வளவுதான். ஆறு வாரத் தொல்லை இரண்டு வாரமாகும்.

ஏற்கெனவே தொட்டியில் பல மாதம் இருந்த கட்டையை வேகவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதன் மேற்பரப்பில் ஏராளமாகக் குடியிருக்கும். சின்னத் தொட்டியில் அதைக் கொன்றுவிட்டால் இரண்டே நாளில் அம்மோனியா ஏறும். அப்படிப்பட்ட கட்டையைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

கருந்தாடிப் பாசி

உண்மையான எதிரி இதுதான். தானாகப் போகாது, பெரும்பாலான மீன்கள் தின்னாது, கட்டையின் கரடுமுரடான பரப்பில் வேர் பிடித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். ஏன் கட்டையையே தேடி வருகிறது? கிளையின் மேல்பக்கம் விளக்குக்கு அருகில் இருக்கிறது. ஃபில்டர் நீரோட்டம் அதன்மேல் மோதுகிறது. மரத்திலிருந்து கரிமப் பொருள் ஓயாமல் கசிகிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது தொட்டியில் வேறெங்கும் நடப்பதில்லை.

கட்டையை வெளியே எடுக்க முடிந்தால் வேலை பாதி முடிந்தது. எடுப்பதற்கு முன் பொந்துகளைப் பாருங்கள். பிளெக்கோ, ஓட்டோசிங்க்ளஸ் போன்ற பாசி தின்னும் மீன்களும் இறாலும் பதுங்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். கட்டையைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகச் சாய்த்து உலுக்கினால் வெளியேறிவிடும். டப்பில் வைத்ததும் அடர்ந்த குஞ்சங்களை முதலில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அடர்ந்த குஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மருந்து அடிவரை இறங்காது. பிறகு பழைய துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. சொட்டச் சொட்ட நனைந்த கட்டையில் அடித்தால் 3 சதவீதப் பெராக்சைடு அங்கேயே 1 சதவீதமாக நீர்த்துவிடும்.

இப்போது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, தண்ணீர் கலக்காமல் பாசிமேல் நேராக அடியுங்கள். நுரைத்துப் பொங்கும். ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குமேல் விட்டுப் பயனில்லை, கட்டைமேல் கட்டியிருக்கும் செடிகள்தான் துன்பப்படும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா ஆகியவை கொஞ்சம் தாங்கும். மாஸ் (moss) செடிகள் தாங்காது. தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியால் அவற்றை மூடிவிட்டு அடியுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரால் நன்றாக அலசி உள்ளே வைத்துவிடலாம். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் மிச்சம் எதுவும் தங்காது. கட்டைக்கு நான் முதலில் இதை எடுப்பதற்குக் காரணம் அதுதான். பிளீச்சிங் திரவத்தை மரம் உறிஞ்சிக்கொண்டு பல நாள் கழித்துக் கக்கும். கல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது சரி, மரத்துக்கு வேண்டாம். சோப்பு எக்காரணம் கொண்டும் கூடாது.

அடித்த அன்று எந்த மாற்றமும் தெரியாது. இரண்டாம் நாள் கறுப்பு மங்கி ஒயின் நிறத்துக்கு வரும், அடுத்து இளஞ்சிவப்பு. பச்சையம் அழிந்து, அதுவரை மறைந்திருந்த சிவப்பு நிறமி வெளிப்படுவதுதான் காரணம். நான்கைந்து நாளில் வெளுத்துச் சாம்பலாகும். அப்போது இறால்கள் வந்து மொய்த்து மென்று தீர்த்துவிடும். உயிரோடு இருக்கும்போது சீண்டாத இறால், செத்த பாசியை விரும்பித் தின்னும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே நிற்கும் குஞ்சங்களுக்கு மருந்து எட்டவில்லை, அவற்றுக்கு மட்டும் மறுபடி அடிக்க வேண்டும்.

கட்டை தரையில் திருகி வைத்திருக்கிறது, வெளியே வராது என்றால் தண்ணீர் மாற்றும் நாளைப் பயன்படுத்துங்கள். ஹீட்டரை முதலில் அணையுங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். பாதித் தண்ணீரை இறக்கினால் கட்டையின் மேல்பகுதி வெளியே வரும், பாசி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒற்றி, லேசாக அடித்து, மூன்று நிமிடம் விட்டு, தண்ணீரை நிரப்புங்கள். அடிக்கும்போது தொட்டிக்குள் சொட்டும் அளவையும் கீழே சொல்லும் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தண்ணீருக்குள்ளேயே பெராக்சைடு விட வேண்டியிருந்தால்

இங்கேதான் அளவு தப்புகிறது. முதலில் உண்மையான தண்ணீர் அளவைப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டி என்று சொன்னாலும் மணல், கல், கட்டை, மேலே விட்ட இடம் போக ஏறக்குறைய 80 லிட்டர்தான் இருக்கும். லிட்டருக்கு 0.25 மில்லிலிட்டர் என்று 3 சதவீதப் பெராக்சைடு ஆரம்ப அளவு. அதாவது அந்தத் தொட்டிக்கு 20 மில்லிலிட்டர். இறால் இருந்தால் அதில் பாதியில் தொடங்குங்கள். லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டாம். பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். 30 சதவீதத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பெராக்சைடு தோலைச் சுட்டுவிடும், அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். திறந்து பல மாதம் ஆன பாட்டில் வீரியம் இழந்திருக்கும். ஒரு துளியைப் பாசிமேல் விட்டும் குமிழ் வரவில்லை என்றால் அது வெறும் தண்ணீர்.

ஃபில்டரையும் பம்பையும் அணையுங்கள். தண்ணீர் முழுக்க அசைவு நின்றதும், ஊசி இல்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சின் நுனியைப் பாசிக்கு ஒட்டினாற்போல் வைத்து, ஒரு மில்லிலிட்டரை நாலைந்து விநாடியில் விடும் வேகத்தில் மெல்ல அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் பீறிட்டுப் போய் மீன்மேல் படும். 15 நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். பாசி அதிகமாக இருந்தால் கட்டையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு பாகமாகச் செய்யுங்கள். எல்லாப் பாசியையும் ஒரே நாளில் கொன்றால் அத்தனையும் ஒன்றாக அழுகி அம்மோனியாவை ஏற்றும். வாலிஸ்நேரியா, ரிச்சியா, மாஸ் வகைகளுக்குப் பெராக்சைடு ஒத்துக்கொள்ளாது.

திரவக் கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு கரைசலும் கருந்தாடிப் பாசியைக் கொல்லும். அது கிருமிநாசினி வகையைச் சேர்ந்த நச்சு என்பதை மறக்க வேண்டாம். கையுறை போடுங்கள், மூச்சில் இழுக்காதீர்கள், பாட்டிலில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். பெராக்சைடு விட்ட நாளில் இதையும் சேர்த்து விடக் கூடாது. வாலிஸ்நேரியா இதில் கூழாகக் கரைந்துவிடும். கடையில் கிடைக்கும் சில பாசிக்கொல்லிகளில் செம்பு இருக்கும். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் அது ஒரு துளியும் வேண்டாம்.

இத்தனையும் செய்து காரணத்தை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் கறுப்பு திரும்பும். செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்தவர்கள், விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு தொடங்குகிறதா, அந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இளம்பச்சைக்கு வருகிறதா என்று பாருங்கள். அளவு குறைவாக இருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் இந்தப் பாசிக்கு அதிகம் பிடிக்கும். சிலிண்டர் இல்லாதவர்கள் விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்து சுத்தம் செய்யுங்கள். ஒரு மாதம் வாரந்தோறும் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். தீனியை இரண்டு நிமிடத்தில் தீரும் அளவுக்கு இறக்குங்கள்.

மற்றவை

டயாட்டம் புதிய தொட்டியின் வழக்கமான விருந்தாளி. துடைத்துவிட்டால் போதும், தொட்டிக்கு ஓரிரு மாதம் ஆனால் அடங்கிவிடும்.

பச்சை நூல் பாசியில் இரண்டு வகை பிரித்துப் பாருங்கள். வழுக்கும் நீள நூலாக இருந்தால் டூத் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுற்றி எடுத்துவிடலாம். சொரசொரப்பாகக் கம்பிபோல் இருந்தால் கிளாடோஃபோரா. அது கட்டையின் பிளவுகளில் சிக்கியிருக்கும். ஒரு சின்ன இழை மிச்சம் இருந்தாலும் திரும்ப வளரும் என்பதால் கட்டையை வெளியே எடுத்து, முள்வாங்கியால் பிடுங்கி, பெராக்சைடு அடிப்பதே வழி.

சயனோபாக்டீரியா பாசியே கிடையாது, பாக்டீரியா. அதனால் அணுகுமுறையும் வேறு. ஏடுகளைச் சைஃபனால் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் முழுக்கச் சுற்றி மூன்று நாள் இருட்டில் வையுங்கள். ஏர் ஸ்டோன் ஓட வேண்டும், கார்பன் டை ஆக்சைடு நிற்க வேண்டும், தீனி வேண்டாம், நடுவில் திறந்து பார்க்கவும் வேண்டாம். நான்காம் நாள் மறுபடி பாதித் தண்ணீர் மாற்றம். பெரும்பாலும் கட்டைக்குப் பின்னால், நீரோட்டம் போகாத மூலையில்தான் இது தொடங்கும். நைட்ரேட் பரிசோதனை பூஜ்யம் காட்டினால் அதுவும் ஒரு காரணம். செடி உள்ள தொட்டியில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கட்டும். ஆன்டிபயாடிக் போட்டால் உடனே போகும்தான், ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆபத்து, கிருமிகளுக்கு எதிர்ப்பு சக்தியும் வளரும். இருட்டே போதும்போது அதற்குப் போக வேண்டியதில்லை.

தின்று தீர்க்கும் துணைகள்

வெள்ளைச் சவ்வுக்கு செர்ரி இறாலும் அமானோ இறாலும் நெரைட் நத்தையும் போதும். தகாஷி அமானோ 1980களில் பாசி தின்பதற்காகவே செடித் தொட்டிகளில் பரப்பிய இறால்தான் பிறகு அவர் பெயராலேயே அறியப்பட்டது. 10 லிட்டருக்கு ஓர் அமானோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீனி குறைத்தால்தான் கட்டைப் பக்கம் திரும்பும். வயிறு நிறைந்த இறால் பாசியைத் தொடாது.

கருந்தாடிப் பாசியை உயிரோடு தின்னும் மீன் என்றால் சயாமிஸ் ஆல்கே ஈட்டர். கடையில் இதே பெயரில் வேறு மீனைக் கொடுப்பது சாதாரணம். அசல் மீனின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும், கோட்டின் விளிம்பு நேராக இல்லாமல் பல்பல்லாக இருக்கும், துடுப்புகள் நிறமின்றித் தெளிவாக இருக்கும். குட்டியாக இருக்கும்போது நன்றாகத் தின்னும், வளர்ந்த பிறகு தீனி ருசி பழகிச் சோம்பிவிடும். 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் சின்னத் தொட்டிக்கு ஆகாது. சைனீஸ் ஆல்கே ஈட்டர் வேறு, வளர்ந்தபின் மற்ற மீன்களை விரட்டித் துன்புறுத்தும். கட்டையைச் சுரண்டித் தின்ன பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ நல்லது. சாதாரண பிளெக்கோ 30 சென்டிமீட்டரையும் தாண்டும். ஓட்டோசிங்க்ளஸைப் புதுத் தொட்டியில் விடாதீர்கள், பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்துப்போகும்.

கட்டையே அழுகினால்

மேலே வளர்வது எதுவானாலும் ஒருமுறையாவது ஸ்க்ரூடிரைவர் நுனியால் கட்டையை நாலைந்து இடத்தில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகத் தடுத்தால் மரம் நலம். நுனி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால், கறுத்த கூழ் வந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே ஆக்சிஜன் இல்லாமல் அழுகல் நடக்கிறது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு. பெரும்பாலும் மணலுக்குள் ஆழமாகப் புதைத்த அடிப்பகுதியில்தான் இது ஆரம்பிக்கும். அதனால் கட்டையைப் புதைக்காமல் தட்டையான கல்மேல் நிறுத்தி, வேண்டுமானால் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் கல்லோடு பிணைத்துவிடுங்கள். அழுகிய பகுதி சிறிதென்றால் கெட்டி மரம் தெரியும்வரை செதுக்கி எறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். சோல்லா வுட் போன்ற மென்மையான கட்டைகள் சீக்கிரமே நைந்துவிடும், அவற்றை இறாலுக்கான தீனி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் சாம்பல் வெள்ளையாகப் பூசணம் பிடித்தால் அது காற்றில் வளரும் வேறு பூஞ்சை. பெராக்சைடில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மூடியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். காற்று ஓடினால் பூசணம் நிற்காது.

மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டை நாற்றம் அடிக்காததாக இருந்தால், புதிய கட்டையை இறக்கிய பிறகும் அதை இரண்டு வாரம் தொட்டியிலேயே ஒரு மூலையில் விட்டு வையுங்கள், பாக்டீரியா புதியதில் குடியேற அவகாசம் கிடைக்கும். நாற்றம் அடிக்கும் கட்டையை அன்றே வெளியேற்றி, பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதித்து வாருங்கள். இரண்டில் எது தலைகாட்டினாலும் அன்றே 30 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும்.